துவால் வந்த வழி

மத்தியானச் சாப்பாட்டில் லூசியா மாமி றொஷேலின் சோற்றுக் கோப்பையில், பிள்ளை பெற்றவளுக்கென்று காய்ச்சிய சரக்குக் கறியை இன்னொரு அகப்பை ஊற்றியபோது, பிள்ளையின் பேரைப் பற்றிய கதை மறுபடியும் தொடங்கியது. நாளைக்கு ஞானஸ்நானம். அனோஜன் என்பதில் ஒருவருக்கும் மறுப்பில்லை. அதற்குப் பின்னால் துவால் வருமா வராதா என்பதுதான் வழக்கு.

றொஷேலின் தகப்பன் அமிர்தநாயகத்துக்கு அவள் ஒரே பிள்ளை. அவருடைய தம்பி குருவானவராகிவிட்டார். ஆக, இந்தத் தீவில் துவால் என்ற பேர் அவரோடு முடிகிறது. பிரெஞ்சுப் பேர். மணல்திட்டில் ஏறி உடைந்த கப்பலிலிருந்து நீந்திக் கரையேறிய ஒரு மாலுமியினுடையது என்பார். அவருக்குக் கொஞ்சம் பூனைக்கண் என்பது அதற்குச் சாட்சி. மற்றபடி தோட்டவெளிக் கரையில் வள்ளம் தள்ளும் எவரையும் போல நல்ல கறுப்பு.

பள்ளிக்கூடத்தில் றொஷேலைத் துவாய் என்று கூப்பிட்டுத் தலை துவட்டிக் காட்டுவார்கள். ஒருநாள் போனில் தேடியபோது, அந்தப் பேருக்குப் பள்ளத்தாக்கிலிருந்து வந்தவன் என்று பொருள் கண்டாள். கோயில் கோபுரத்தில் ஏறினால் இரண்டு பக்கமும் கடல் தெரிகிற தட்டைத் தீவு இது. ஆனாலும் சோளகக் காற்று மணலை வாரி அடிக்கிற பின்னேரங்களில் கண்ணை மூடிக்கொண்டு அவள் அந்தப் பள்ளத்தாக்குக்குப் போய்வந்திருக்கிறாள். அங்கே பனி இருந்தது, மணியோசை இருந்தது, ஒருவரும் அவளைத் துவாய் என்று கூப்பிடவில்லை. சுபாஸ்கரனைக் கட்டப்போகிறேன் என்று சொன்ன அன்றுதான் அந்த வழி அடைபட்டது. "பிரான்சுக்காரன்ர பரம்பரை போய்த் தோட்டக்காட்டானிட்டையோ?" என்று கேட்டார் அப்பா. சுபாஸ்கரனின் தாய் எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அடிபட்டு வந்து முருங்கன் பக்கம் குடியேறியவள்.

"பேர் எண்டா அதில ஒரு கனம் இருக்கவேணும், தம்பி," என்றார் அமிர்தநாயகம் மருமகனிடம். "உங்கட பக்கம் அப்பிடி ஒண்டும் இல்லைத்தானே?"

சுபாஸ்கரன் சிரித்தான். "எங்கட பக்கம் தோட்டத்து லயத்தில வீட்டு நம்பர்தான், மாமா."

அமிர்தநாயகத்தின் அக்கா லூசியா மாமி அகப்பையைச் சட்டிக்குள் போட்டாள். "காணுமடா தம்பி, நிப்பாட்டு. கப்பலாம், மாலுமியாம். கப்பல் உடைஞ்சா ஒரு பலகையாவது கரை ஒதுங்கியிருக்கும்."

"அக்கா, சும்மா இருங்கோ."

"ஏன் சும்மா இருக்க? நாளைக்கு இவன்ர தாய் வாறா. அவவுக்கு முன்னாலயும் இந்தப் புளுகை அவிழ்க்கப் போறியோ? எங்களைப் பெத்த அப்பு கள்ளுக் குடிச்சா என்ன சொல்லி அழுறவர்? நீயும் பாயில கிடந்து கேட்டனிதானே!"

அமிர்தநாயகம் மீன் முள்ளைப் பிரித்துக்கொண்டிருந்தார். மாமியே சொன்னாள். இந்தியாவிலிருந்து தோணியில் வந்திறங்கி, மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்குக் காட்டுவழியே நடந்துபோன கூலிச் சனம். வழியில் வாந்திபேதி. செத்துக் கிடந்த தாய்க்குப் பக்கத்தில் ஒரு பொடியன் உயிரோடு இருந்தான். பேர் சொல்லத் தெரியாத வயது. மாட்டுவண்டியில் வந்த வெள்ளைச் சுவாமியார் அவனைத் தூக்கிக்கொண்டு வந்து ஞானஸ்நானம் கொடுத்தார்.

"யாற்ற பிள்ளையெண்டு எழுதிறது எண்டு உபதேசியார் கேட்டாராம். சுவாமி 'என்ர' எண்டாராம். சுவாமியின்ர பேர் துவால். அந்தப் பொடியன்தான் அப்புவின்ர பாட்டன்."

அமிர்தநாயகம் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பினார். "அப்ப விடுங்கோ. அந்தப் பேர் பிள்ளைக்கு வேண்டாம்."

அவர் கிணற்றடிக்குப் போன பிறகு சுபாஸ்கரன் மெல்லச் சொன்னான். "பொடியன் மிச்ச வழியையும் நடந்திருந்தா, லயத்தில நீ எனக்குப் பக்கத்து வீடு."

"வாயை மூடுங்கோ," என்றாள் றொஷேல். சிரிப்பும் வந்தது. அந்தச் சனம் நடந்துபோன மலைகளில் பள்ளத்தாக்குகள் இருக்கும், பனியும் இருக்கும் என்று நினைத்தாள். அங்கே போய்ச் சேராதவனுக்குப் பள்ளத்தாக்கின் பேரை ஒருவர் கொடுத்திருக்கிறார், கேட்டவருக்கு ஒரு சொல்லில் பதில் சொல்லி. இவ்வளவு நாளும் பொய்யாகக் கிடந்த பேர் இப்போதுதான் தன்னுடையதானது போலிருந்தது.

அடுத்த நாள் கோயிலில் சுவாமி கேட்டார். "பிள்ளைக்கு என்ன பேர் வைக்கிறீங்கள்?"

"அனோஜன் துவால்," என்றாள் றொஷேல்.

அவர் நிமிர்ந்தார். "அனோஜன் மட்டும் எண்டல்லோ நேற்றுப் பின்னேரம் உங்கட அப்பா வந்து சொன்னவர்?"

றொஷேல் திரும்பிப் பார்த்தாள். முன்வரிசை மர வாங்கில் ஒரு தொங்கலில் சுபாஸ்கரனின் தாயும் மறு தொங்கலில் அப்பாவும் இருந்தார்கள். அப்பா வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே ஆளில்லாத வீதியில், காற்று மணலை ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு மெல்ல நடத்திக்கொண்டுபோனது.