எதிராகப் பேச வந்தவர்

ஆளுநர் ஃபோனில் கூப்பிட்டால் வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவர்களை வைத்துத்தான் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தின் பாதிக் குழுக்கள் ஓடுகின்றன. டெல்மாண்ட் பெல்கியும் அப்படித்தான் மாட்டினார். மனைவி வெர்னாவின் மசாலா புட்டிகளை அகரவரிசையில் அடுக்கி, அவளிடம் அதற்கான திட்டையும் வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில் அழைப்பு வந்தது. மீன், வனவிலங்கு ஆலோசனைக் குழுவில் வடக்கு மாவட்டத்துக்கு ஓர் இடம் காலியாம். உங்கள் பெயரை முன்மொழியலாமா என்று ஆளுநரே கேட்டார். ரொம்ப சந்தோஷம் என்று சொல்லி ஃபோனை வைத்த பிறகுதான், தனக்கு அதில் துளிகூட சந்தோஷம் இல்லை என்பது அவருக்கு உறைத்தது.

அந்தக் குழு கூடுவது தலைநகர் அகஸ்டாவில், அதுவும் பெரும்பாலும் குளிர்காலத்தில். டெல்மாண்ட் காகித ஆலையில் வேலை பார்த்த காலமெல்லாம் குளிர்காலத்துக்காகத்தான் உயிரோடு இருந்தார். கூஸ்நெக் ஏரி உறைந்ததும் அதன் நடுவே அவருடைய மரக்குடிலை இழுத்துப் போய் வைப்பார். உள்ளே ஓர் அடுப்பு, பனியில் துளைத்த ஓட்டை, தூண்டில், பேச்சுக்கு ஆள் இல்லாத நிம்மதி. அந்த வருஷம்தான் ஓய்வு பெற்றார். முதல் முழுக் குளிர்காலம் கைக்கு வரப்போகிற நேரத்தில், மூஸ் மான் வேட்டைக்கு உரிமம் கிடைக்காதவர்களின் புலம்பலைக் கேட்க நாலு மணி நேரம் கார் ஓட்டிப் போகவேண்டுமாம். தன் பெயரை யார் கொடுத்திருப்பார்கள் என்பது அவருக்கு மர்மமாக இருந்தது. வெர்னாவுக்கு அப்படி ஒரு மர்மமும் இல்லை.

தானாக விலகிக்கொண்டால் ஊர் சிரிக்கும். ஆனால் அகஸ்டாக்காரர்கள் வேண்டாமென்று தள்ளினால் அது பெருமை. கூஸ்நெக் ஊரில் அப்படிப்பட்ட ஆளுக்கு ஆயுசு முழுக்கக் காபி வாங்கித் தருவார்கள். சட்டசபைக் கமிட்டி ஒவ்வொரு நியமனத்தையும் பொதுமக்கள் முன்னால்தான் விசாரிக்கிறது. யார் வேண்டுமானாலும் போய்ப் பேசலாம். முதலில் ஆதரவாகப் பேசுகிறவர்கள், பிறகு எதிர்க்கிறவர்கள், கடைசியில் ஆதரவும் இல்லை எதிர்ப்பும் இல்லை என்கிறவர்கள். ஆக, டெல்மாண்டுக்கு வேண்டியதெல்லாம் மனதார எதிர்க்கக்கூடிய ஒரே ஓர் ஆள். அப்படி ஒருவர் எதிர்வீட்டிலேயே இருந்தார்.

லூசியன் ஓலெட் அவரோடு முகம் கொடுத்துப் பேசிப் பல வருஷமாகிறது. காரணம் ஒரு தபால் பெட்டி. லூசியனின் மனைவி ஜெர்மெய்ன் மரத்தில் செய்து வர்ணம் பூசிய பெட்டி அது. ஒரு பெரிய மீன், அதன் வாய்க்குள் கடிதத்தைப் போடவேண்டும். ஒரு குளிர்காலக் காலையில் அது சாலையோரம் சில்லுச்சில்லாகக் கிடந்தது. உன் வேலைதானே என்று கடைத்தெருவில் பத்துப் பேர் முன்னால் லூசியன் கேட்டார். இல்லை என்றார் டெல்மாண்ட். அன்றிலிருந்து எதிர்வீட்டில் அவருக்குப் பெயர் பொய்யன்.

டெல்மாண்ட் விஷயத்தைச் சொன்னதும் லூசியன் வாசலிலேயே நின்று யோசித்தார். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"நான் அகஸ்டா வரைக்கும் வந்து உன்னைத் திட்டணும். அதானே?"

"ஆமா. நல்லா வாய் நிறையத் திட்டு."

"தபால் பெட்டியைப் பத்திப் பேசுவேன்."

பெட்டி இருந்த சாலையோரத்தை டெல்மாண்ட் ஒருமுறை பார்த்தார். இருந்தாலும் ஏரியை நினைத்துக்கொண்டார். "பேசு" என்றார்.

லூசியனுக்கு இத்தனை உற்சாகம் வந்து எத்தனை நாளாகிவிட்டதோ, கல்யாணத்துக்குத் தைத்த கோட்டை எடுத்து இஸ்திரி போட்டார். விசாரணை நாளன்று அவருடைய வண்டி கிளம்ப மறுத்தது. எதிர்க்கப் போகிறவரும் எதிர்க்கப்படுகிறவரும் ஒரே காரில் போனார்கள். வெர்னா ஓட்டினாள். வழியில் பெட்ரோல் பங்கில் வாங்கிய சாண்ட்விச்சை மூவரும் பங்கு போட்டுத் தின்றார்கள். லூசியன் வெர்னாவிடம் மட்டும் பேசினார். எல்லாம் முறைப்படிதான் நடந்தது.

கமிட்டி அறையில் குதிரை லாட வடிவ மேசை. தலைவர் செனட்டர் ஹாஸ்கெல் என்ற அம்மாள் ஒரு காலுறை பின்னிக்கொண்டே சபையை நடத்தினார். ஊசி நின்றால் அம்மாவுக்குக் கோபம் என்று அர்த்தம், அதனால் எல்லோரும் சுருக்கமாகப் பேசினார்கள். தெற்குக் கடற்கரை நகரத்துப் பிரதிநிதி வைட்டிங், கழுத்தில் பட்டாம்பூச்சி டை கட்டிய சின்ன வயது வக்கீல், மீனை உணவகத்துத் தட்டில் மட்டும் பார்த்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். டெல்மாண்டுக்கு அவரைப் பார்த்ததும் நம்பிக்கை பிறந்தது.

ஆதரவாக ஒரே ஆள், ஊர் வேட்டைக் கழகத் தலைவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுதி வந்ததை வாசித்தார். கடும் உழைப்பாளி, எளிமையானவர், யார் மனதையும் நோகடிக்காதவர் என்று அடுக்கிக்கொண்டே போனார். சவப்பெட்டியை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று டெல்மாண்ட் ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொண்டார்.

அடுத்து எதிர்ப்பு. லூசியன் ஒலிவாங்கி முன்னால் உட்கார்ந்து கோட்டின் நுனியை இழுத்துவிட்டுக்கொண்டார். இந்த ஆளுக்குப் பதவி கொடுக்கக்கூடாது என்று ஆரம்பித்தார். தன் வீட்டுத் தபால் பெட்டியை உடைத்தவர், உடைத்துவிட்டு ஊர் முன்னால் இல்லை என்று சாதித்தவர், வாயைத் திறந்தால் பொய், இவரிடம் ஏரியை ஒப்படைத்தால் மீனுக்குக்கூட நாதி இருக்காது. அருமையாகப் போய்க்கொண்டிருந்தது. அதோடு எழுந்து வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. வைட்டிங் கையைத் தூக்கினார்.

"பெட்டியை எதால உடைச்சார்?"

"பனி தள்ற வண்டியால."

"சாலையில போகும்போதா?"

"இல்ல. என் வீட்டுப் பாதையில இருந்து திரும்பும்போது."

"உங்க வீட்டுப் பாதையில அவர் வண்டிக்கு என்ன வேலை?"

லூசியன் மேசை விளிம்பைத் தடவினார். கூஸ்நெக்காரர்கள் அடுத்தவனைப் பற்றி எவ்வளவு மோசமாக வேண்டுமானாலும் பேசுவார்கள். ஆனால் வெளியூர்க்காரன் நேருக்கு நேர் கேட்ட கேள்விக்குப் பொய் சொல்ல மாட்டார்கள், அதுவும் தெற்கத்திக்காரன் முன்னால்.

"பனி தள்ளினார்" என்றார் கடைசியில்.

"நீங்க கூலிக்கு வச்சிருந்தீங்களா?"

"இல்ல."

"அன்னைக்கு மட்டுமா?"

"அந்தக் குளிர்காலம் முழுக்க." லூசியன் மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "என் சம்சாரம் பேங்கர் நகரத்து ஆஸ்பத்திரியில கிடந்தா. நான் தினம் விடியறதுக்கு முன்னால கிளம்பணும். அதுக்குள்ள வந்து தள்ளிட்டுப் போயிடுவார். விளக்கைக்கூடப் போடாம வருவார், எனக்குத் தெரியக்கூடாதுன்னு. விளக்கு போட்டிருந்தா பெட்டி கண்ணுல பட்டிருக்கும். சொல்றேன் கேளுங்க, வண்டி ஓட்டவும் தெரியாது இந்த ஆளுக்கு."

செனட்டர் ஹாஸ்கெலின் ஊசி நின்றது. கோபத்தால் அல்ல.

"அது அவர்தான்னு உங்களுக்கு எப்படித் தெரியும் மிஸ்டர் ஓலெட்?"

"ஜன்னல்ல நின்னு பார்த்துட்டிருப்பேன் மேடம். தினமும்." கோட்டின் நுனியை மறுபடி இழுத்துவிட்டுக்கொண்டார். "கடைசி நாள் ராத்திரி பேய்ப்பனி. அவர் தள்ளலேன்னா ஜெர்மெய்ன் போறப்போ நான் பக்கத்துல இருந்திருக்க முடியாது. ஆனா அதுக்காகப் பெட்டியை உடைச்சது இல்லேன்னு ஆயிடுமா? நான் எதிர்ப்புதான். எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார்கள். டெல்மாண்டின் காது இரண்டும் கொதித்தன. ஜன்னலில் நின்று பார்த்தானாமே! இத்தனை வருஷம் தன்னைப் பொய்யன் என்று அழைத்துக்கொண்டே, எல்லாம் தெரிந்துகொண்டே! கழுத்தைப் பிடித்து நெரிக்கலாம் போலிருந்தது. கண்ணில் ஏன் தண்ணீர் வருகிறது என்பதுதான் புரியவில்லை.

ஆதரவும் எதிர்ப்பும் இல்லாதவர் யாராவது உண்டா என்று கேட்டார்கள். வெர்னா எழுந்தாள். டெல்மாண்ட் அவள் கோட்டைப் பிடித்து இழுக்கப் பார்த்து, பிடி தவறவிட்டார்.

தான் நியமனம் பெறுபவரின் மனைவி, அதனால் கருத்துச் சொல்வது முறையல்ல என்று அவள் தொடங்கினாள். ஆளுநர் தங்கள் ஊர்ப் பீன்ஸ் விருந்துக்கு வந்தபோது இவர் பெயரை அவரிடம் சொன்னது தான்தான் என்பதையும் போகிற போக்கில் சொன்னாள். "அவர் ரிட்டயர் ஆனதுல இருந்து வீட்டுலயே இருக்கார். ஏரி உறையற வரைக்கும் எங்கயும் போக மாட்டார். என் மசாலா புட்டியெல்லாம் வரிசையா நிக்குது, எனக்கு மிளகைக் காணோம். நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். குழு கோடைகாலத்துலயும் கூடுமா?"

கூடும் என்றார் செனட்டர் ஹாஸ்கெல்.

"அவரை வேண்டாம்னு சொல்லிட்டீங்கன்னா என் பேரை எழுதிக்குங்க. எங்க ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் வெளிய போயாகணும்" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள். அறையே குலுங்கிச் சிரித்தது.

வைட்டிங் மட்டும் சிரிக்கவில்லை. டெல்மாண்டை ஒலிவாங்கி முன்னால் அழைத்தார். ஊர் முன்னால் இல்லை என்று சொன்னீர்களே, இந்தக் கமிட்டியின் முன்னால் உண்மையைச் சொல்லுங்கள், அந்தப் பெட்டியை உடைத்தது நீங்கள்தானா?

விடுதலை அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இல்லை என்று ஒரு வார்த்தை. கமிட்டியின் முன்னால் கூசாமல் பொய் சொன்னவரென்று அங்கேயே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஏரி, குடில், அடுப்பு, தூண்டில் நுனியின் சின்ன அசைவு எல்லாம் அவருடையது. ஏற்கனவே ஒருமுறை சொன்ன பொய்தான், புதிதாகக் கண்டுபிடிக்கவும் வேண்டாம்.

அவர் திரும்பிப் பார்த்தார். கல்யாணக் கோட்டில் லூசியன் கைகளை முழங்காலுக்கு நடுவே கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இப்போது இல்லை என்று சொன்னால் அந்த ஆளைப் பொய்யன் என்று சொன்னதாகும். அந்தக் காலைகளும் நடக்காதவை ஆகிவிடும்.

"நான்தான் உடைச்சேன்" என்றார் டெல்மாண்ட். "அழகான மீன் அது. மன்னிக்கணும்." கடைசி வார்த்தையைக் கமிட்டியிடம் சொல்லவில்லை.

அத்தனை பேரும் ஆதரவாக வாக்களித்தார்கள், வைட்டிங் உட்பட. செனட்டர் ஹாஸ்கெல் காலுறையை எடுத்துக்கொண்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். யாரோ அழகுக்கலை வாரியத்துக்காம்.

திரும்பும் வழியில் வெர்னா என்னவோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டே ஓட்டினாள். பேங்கர் தாண்டியதும் பனி விழ ஆரம்பித்தது. பின் இருக்கையிலிருந்து லூசியன் குரல் கொடுத்தார்.

"ஜெர்மெய்னுக்குத் தெரியும். நான்தான் சொன்னேன். பெட்டி போனா போகுது, போய் நன்றி சொல்லிட்டு வான்னா."

"அப்புறம் ஏன்யா வரல?"

"வந்தா நன்றி சொல்லணுமே. பெட்டியைப் பத்திப் பேசறது சுலபமா இருந்துச்சு."

டெல்மாண்ட் முன்கண்ணாடி வழியே பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்ச நாளில் ஏரி உறைந்துவிடும். முதல் கூட்டமும் அந்த வாரம்தான். சட்டைப்பையைத் துழாவிக் குடிலின் சாவியை எடுத்து, திரும்பிப் பார்க்காமலே தோளுக்கு மேலே பின்னால் நீட்டினார்.

"நான் அகஸ்டாவுல இருக்கற நாள்ல அடுப்பைப் பத்த வச்சு உக்காந்துக்க. குடில் சும்மா கிடக்க வேண்டாம்."

சாவி கைமாறியது. லூசியன் அதைக் கோட்டுப் பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டினார். பிறகு, அந்தக் குடில் எப்போதுமே தான் மீன் பிடிக்கிற ஓட்டைக்கு ரொம்பக் கிட்டத்தில் நிற்கிறது, இந்த வருஷமாவது கொஞ்சம் தள்ளி வைக்கவேண்டும் என்றார்.

முடியாது என்றார் டெல்மாண்ட்.