நாலாவது சிலிண்டரின் சூடு

அன்றைக்கு ஷெட்டில் இருந்தவர்கள்: அம்மா, அண்ணன், சின்னவள், மெழுகு மாஸ்டர் என்று பெயரெடுத்த மெக்கானிக், பழைய இரும்பு ஏற்றுகிற லாரியின் டிரைவர். நடுவில் அப்பாவின் கார், வயது அறுபது. அப்பா இல்லை. அவர் போய் எட்டு மாதமாகிறது.

வீடு கைமாறிவிட்டது. மாலை ஐந்து மணிக்குச் சாவியைக் கொடுத்தாக வேண்டும். அதற்குள் கார் தானாக ஓடி வெளியே போனால் சின்னவளுக்கு, போகாவிட்டால் லாரிக்கு. இது அண்ணனின் தீர்ப்பு. அவள் வீட்டுக்கு இருநூறு கிலோமீட்டர், அதில் நாற்பது மலை ஏற்றம். கொதிக்கிற எஞ்சினோடு அந்த ஏற்றத்தில் பாதிகூட ஏற முடியாது. இருந்தும் அந்த வீட்டில் அவள் வாய்விட்டுக் கேட்ட பொருள் இது ஒன்றுதான்.

மூன்று மாதமாக ஞாயிறு தவறாமல் வந்து அவளே ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தாள். முதலில் ரேடியேட்டர், பிறகு தண்ணீர் பம்ப், பிறகு தெர்மோஸ்டாட்.

"எல்லாம் புதுசு. கொதிப்பு மட்டும் பழசு" என்றான் அண்ணன்.

"நீ இதுவரைக்கும் ஒரு ஸ்பேனராவது பிடிச்சிருக்கியாண்ணா?"

"லாரியைப் பிடிச்சுக் கொடுத்திருக்கேன்ல?"

லாரி டிரைவர் பல்லைக் காட்டினான். "சங்கிலியை எடுக்கட்டுங்களா சார்?"

"கொஞ்சம் பொறுப்பா. நோயாளிக்கு மூச்சு இருக்கு" என்றார் மாஸ்டர். சின்னவள் வேறு வழியில்லாமல் அவரைக் கூப்பிட்டிருந்தாள். பிறத்தியார் தன் காரைத் தொட்டால் அப்பாவுக்கு ஆகாது என்று சொல்லிச் சொல்லியே அந்த வீட்டில் எல்லோரும் வளர்ந்தவர்கள். அவரைக் கூப்பிடவே அவளுக்கு மூன்று மாதம் பிடித்தது.

மாஸ்டர் எஞ்சினை ஓடவிட்டார். ஏழெட்டு நிமிடம் கழித்துச் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டு மெழுகுவர்த்தியை எடுத்தார். எஞ்சினின் பக்கச் சுவரில், முதல் சிலிண்டருக்கு நேராக ஒரு கோடு இழுத்தார். மெழுகு லேசாக இளகி அப்படியே ஒட்டி நின்றது. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதில் வழிந்தது. நாலாவதில் வைத்த மாத்திரத்தில் தண்ணீராக ஓடிப் புகைந்தது.

"பார்த்தியா பாப்பா? முன்னால ஆறுதலா இருக்கான், பின்னால வெந்து சாகறான்."

பாப்பாவுக்கு வயது நாற்பத்திரண்டு. அவள் அந்தப் புகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று மாதம் சூடு காட்டும் முள்ளை மட்டுமே பார்த்தவள். எங்கே கொதிக்கிறது என்று அவள் எஞ்சினை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டார்கள். கைபொறுக்கும் சூடு வந்ததும் மாஸ்டர் கீழே படுத்து, எஞ்சினின் பின்கோடியில் இருந்த வடிகுழாயைத் திறந்தார். உள்ளே எட்டு லிட்டர் தண்ணீர் நிற்கிறது. குழாயிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை.

டிரைவர்கூடக் குனிந்து பார்த்தான்.

"கம்பி விடுங்க மாஸ்டர்" என்றாள் சின்னவள்.

கம்பி அரை விரல் நீளம் போய்ச் செங்கல்லில் குத்தியது போல் நின்றது. மாஸ்டர் எழுந்து, பக்கச் சுவரில் வட்டமாக அடைத்திருந்த தகட்டு மூடியை உளி வைத்துத் தட்டி நெம்பினார். அது கழன்று விழுந்தது. பின்னாலேயே தண்ணீர் கொட்ட வேண்டும். கொட்டவில்லை. அந்த வட்டத்தில் காப்பி நிறத்தில் ஒரு சுவர் தெரிந்தது.

சுரண்டினார்கள். ஸ்க்ரூ டிரைவரால், வளைத்த கம்பியால், கடைசியில் அம்மா கொண்டுவந்து கொடுத்த நீளக் கரண்டியால். முதலில் கட்டி, பிறகு களி, பிறகு சரசரவென்று தண்ணீர். தட்டில் குவிந்ததை மாஸ்டர் விரலில் தேய்த்து முகர்ந்தார்.

"துரு பாதிதான். இதென்ன, தோல் மாதிரி வெள்ளையா? இது மிளகு. இது ஏதோ பவுடர். எஞ்சினுக்குள்ள சமையல் பண்ணினது யாரு?"

அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "முட்டை நான்தான். தரையில தண்ணி ஒழுகியிருந்துச்சு. வெள்ளைக்கரு ஊத்தினா அடைச்சுக்கும்னு சொன்னாங்க. அவர் தூங்கறப்போ ஊத்துவேன்."

"எத்தனை தடவைம்மா?" என்றான் அண்ணன்.

"எண்ணிக்கிட்டா ஊத்தினேன்? நீ என்ன பண்ணினே, அதைச் சொல்லு."

அண்ணன் கூரையைப் பார்த்தான். "பவுடர் நான். கல்லூரிக் காலத்திலேருந்து."

சின்னவளுக்குச் சிரிப்பு முட்டியது. மிளகு அவளுடையது. ஓட்டை இருக்கிறது என்று சொன்னால் அப்பா கத்த மாட்டார். கத்தினால்கூடப் பரவாயில்லையே. சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு ரெண்டு நாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். அதற்குப் பயந்து ஆளுக்கு ஒரு மூலையிலிருந்து அடைத்திருக்கிறார்கள்.

"ஐயாவும்தான்" என்றார் மாஸ்டர்.

"என்னது?"

"வருஷத்துக்கு நாலு டப்பா அடைப்புப் பவுடர் எங்கிட்டதான் வாங்குவார். வீட்டுல யாருக்கும் தெரிய வேண்டாம், வண்டிக்கு ஒண்ணுன்னா துடிச்சுப் போயிடுவாங்கன்னு சொல்வார்."

அம்மா கரண்டியைத் தரையில் வைத்தாள். "பாவி மனுஷன்" என்றாள்.

நாலு பேரின் பயத்தையும் வயிற்றில் போட்டுக்கொண்டு, பின்பக்கம் பொட்டுத் தண்ணீர் இல்லாமல், இந்த இரும்பு இத்தனை வருஷம் இவர்களைப் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் சுமந்திருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மாஸ்டர் ஹோஸை வைத்துத் தண்ணீரைப் பீய்ச்சினார். சாக்கடை நிறம், தேநீர் நிறம், பிறகு தெளிவு. டிரைவர் தானாகவே டார்ச்சைப் பிடித்தான். சின்னவள் கன்னத்தை எஞ்சின் சுவரோடு ஒட்டி அந்த ஓட்டைக்குள் பார்த்தாள். சிலிண்டரின் வளைந்த முதுகு தெரிந்தது. அதற்கு எதிர்ச் சுவரில் நீள்வட்டமாக ஒரு சின்னப் புடைப்பு.

"மாஸ்டர், இது என்ன?"

அவர் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "கட்டைவிரல்" என்றார் மெதுவாக. "எஞ்சினை வார்க்கும்போது உள்ள வெற்றிடம் வர்றதுக்கு மணல்ல ஒரு அச்சு செஞ்சு வைப்பாங்க. ஈர மணல்ல எவனோ விரலை அழுத்தியிருக்கான். குழியில இரும்பு போய் நின்னிருக்கு."

டிரைவர் டார்ச்சை அவரிடம் கொடுத்துவிட்டு எட்டிப் பார்த்தான். "இருபது வருஷமா எஞ்சின் உடைக்கிறேன். சம்மட்டி எடுத்தா ரெண்டே அடி. உள்ள ஆள் இருக்கான்னு இன்னைக்குத்தாங்க தெரியும்."

அண்ணன் வாட்சைப் பார்த்தான். பிறகு அவனும் குனிந்தான். பேன்ட் முட்டியில் சேறு பட்டதைக் கவனிக்கவில்லை.

புது மூடியை அடித்து இறக்கி, தண்ணீர் நிரப்பி, நாலு மணிக்கு எஞ்சினை எழுப்பினார்கள். பத்து நிமிடம். பதினைந்து. முள் நடுவுக்கு வந்தது. வழக்கமாக அங்கிருந்துதான் ஓட்டம் பிடிக்கும். மாஸ்டர் ஆக்ஸிலரேட்டரைக் கொடுத்தார். முள் ஒரு மயிரிழை அசைந்து, திரும்ப நடுவில் வந்து நின்றது. அரை மணி நேரம் ஐந்து பேரும் ஒரு முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், குழந்தை மூச்சு விடுவதைப் பார்ப்பது போல. அது நின்ற இடத்தில் நின்றது.

"சரிங்க, நான் காலி லாரியோட கிளம்பறேன்" என்றான் டிரைவர். போகிற போக்கில் பானெட்டை ஒரு தட்டுத் தட்டினான்.

மாஸ்டர் சொன்னார்: "ஏத்தத்துல ரெண்டாவது கியர்லயே போ பாப்பா. அவசரப்படாதே. இனிமே ஒழுகினா வாயைத் திறந்து சொல்லு."

அவள் அம்மாவிடம் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். ஐந்து அடிக்க எட்டு நிமிடம். கிளட்ச்சை விட்டதும் கார் ஒரு குலுக்கலோடு வெயிலுக்குள் நகர்ந்தது. அவள் கண்ணை முள்ளிலிருந்து எடுக்கவில்லை. பின்னால் அண்ணன் ஷெட் கதவை இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டுப் பூட்டினான்.