இருபது டிகிரியில் ஒரு டிரம்

திண்டுக்கல்லில் மே மாதம் இருபது டிகிரி கேட்பவரை ஊர் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கும். ரீனா கேட்டாள். அதுவும் தனக்காக அல்ல, ஒரு டிரம்மில் இருந்த பத்து லிட்டர் பியருக்காக.

காந்திகிராமத்தில் நுண்ணுயிரியல் படித்துவிட்டு இரண்டு வருடமாக டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தவள் அவள். பெங்களூரில் தாங்களே பியர் காய்ச்சி விற்கும் ஒரு கடைக்கு மனுப் போட்டிருந்தாள். அங்கே காய்ச்சும் வேலைக்குத் தலைவரான ஈஸ்வரன் போனில் சொன்னார்: "சர்டிபிகேட் எல்லார்கிட்டயும் இருக்கும்மா. நீயே காய்ச்சுன பியர் ரெண்டு பாட்டில் கொண்டுவா. நோட்டும் கொண்டுவா. ஜூன் பதினஞ்சு." இது கை நழுவினால் பால் குளிரூட்டும் நிலையத்தில் கொழுப்புச் சதவீதம் பார்க்கும் வேலை காத்திருந்தது. அதற்கு அம்மா ஏற்கெனவே பேசி வைத்திருந்தாள். ரீனாவுக்கு அதை நினைத்தாலே கொட்டாவி வந்தது.

அம்மா சகாயராணி தொடக்கப் பள்ளி ஆசிரியை. கிறிஸ்துமஸுக்குத் திராட்சை ஒயின் போடுகிற வீடு என்பதால் பியரைக் குற்றம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஆனால் சட்டத்துக்கு இது பிடித்த காரியமல்ல. ஆகவே அக்கம்பக்கத்தில் கேட்டால் இட்லி மாவு ஆராய்ச்சி என்று ஒரு பேச்சு.

முதல் தடவை ரீனா டிரம்மை அறை மூலையில் வைத்துவிட்டுச் சும்மா இருந்தாள். திறந்தபோது அழுகப் போகிற சிறுமலை வாழைப்பழத்தின் வாசமும் நகப்பூச்சு நெடியும் சேர்ந்து மூக்கில் ஏறின. மீன் தொட்டிக் கடையில் ஒட்டும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி, அடுத்த டிரம்மில் ஒட்டிப் பார்த்தாள். அறையில் முப்பத்துநான்கு. டிரம்மில் முப்பத்தெட்டு. அவளுக்குப் பயம் வரவில்லை, ஆச்சரியம்தான் வந்தது. அடுப்பும் இல்லை, வெயிலும் இல்லை. இந்த நாலு டிகிரி எங்கிருந்து வந்தது? சர்க்கரையைத் தின்கிற ஈஸ்ட்தான் உள்ளே சூடு கிளப்புகிறது என்று படித்திருக்கிறாள். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறாள். கையால் தொட்டது அன்றைக்குத்தான்.

குளிர்சாதனப் பெட்டி இன்னொன்று வாங்க வழியில்லை. துணி ஊறவைக்கும் பெரிய பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர் ஊற்றி டிரம்மை அதில் நிறுத்தினாள். பழைய பனியன் ஒன்றை டிரம்முக்கு மாட்டி, அதன் நுனி தண்ணீரில் முங்கும்படி விட்டாள். எதிரே மேஜை மின்விசிறி. காலையும் மாலையும் தண்ணீர் நிரப்பி உறையவைத்த பாட்டில்கள் இரண்டை டப்பில் போட்டாள். தெர்மாமீட்டர் மெல்ல இறங்கி இருபதில் நின்றது. ரீனாவுக்கு ஊரையே ஜெயித்த சந்தோஷம். அதன்பின் பத்து நாளும் இருபது தாண்டவில்லை.

ஆனால் அந்தப் பியரில் தியேட்டர் பாப்கார்ன் வாசம் வந்தது. வெண்ணெய் ஒரு துளி சேராத பொருளில் வெண்ணெய். சூடாக விட்டால் பழம், குளிராக வைத்தால் வெண்ணெய். தலைகீழாக நின்று தண்ணீர் குடித்தாலும் விளங்காது போலிருந்தது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஈஸ்ட் பாக்கெட். தபாலில் இன்னொன்று வந்து, காய்ச்சி, பாட்டிலில் பதமாவதற்குள் ஜூன் பதினைந்து போய்விடும்.

மே ஐந்தாம் தேதி மூன்றாவது டிரம்மில் அந்த ஈஸ்ட்டைப் போட்டு டப்பில் நிறுத்தினாள். நாலு நாள் இருபது. ஐந்தாம் நாள் காந்திகிராமத்தில் மதிப்பெண் பட்டியல் வாங்கப் போக வேண்டியிருந்தது. காலைப் பாட்டில்களைப் போட்டுவிட்டு, "அதைத் தொடாதம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சாயங்காலம் திரும்பியபோது டப்பைக் காணவில்லை. டிரம் குளியலறைத் தரையில், ஈரச் சாக்கு சுற்றி உட்கார்ந்திருந்தது. தெர்மாமீட்டரில் இருபத்துநான்கு.

"என்னம்மா பண்ணி வச்சிருக்க?"

"பதினோரு மணிக்குத் தண்ணி வந்துச்சு. எட்டு நாளைக்குப் பெறகு இன்னைக்குத்தான் தெருக்குழாயில சத்தம் கேக்குது. இம்புட்டு பெரிய டப்ப வச்சிக்கிட்டு நான் பிடிக்காம இருக்கவா?"

"தொடாதன்னு சொல்லிட்டுத்தான போனேன்."

"டிரம்மத்தான தொட வேணாம்ன. டப்பையுமா சொன்ன? நான் பதனமாத்தான் தூக்கி வச்சேன். பழைய தண்ணிய முருங்கைக்கு ஊத்திட்டேன், வீணாக்கல."

அடுக்களையில் டப் விளிம்புவரை குடிதண்ணீரோடு, மேலே வெள்ளை வேட்டி மூடி நின்றது. குடம், அண்டா, சட்டி, குக்கர், எதுவும் காலியாக இல்லை. அந்தத் தெருவில் பிடித்த குடிதண்ணீரைக் கொட்டச் சொல்லும் தைரியம் யாருக்கும் கிடையாது, ரீனாவுக்கும் இல்லை. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அம்மாவிடம் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. டிரம் ஈரச் சாக்கோடு குளியலறையிலேயே இருந்தது. இருபத்தைந்து, இருபத்தைந்து, இருபத்தைந்து. கோபத்தில்கூட நோட்டில் எழுதாமல் விடவில்லை.

ஒன்பதாம் நாள், கொட்டிவிடலாம் என்றே டிரம்மின் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்தாள். முகர்ந்தாள். பழம் இல்லை. இன்னொரு தடவை முகர்ந்தாள். வெண்ணெயும் இல்லை. ஒரு வாய் குடித்தாள். லேசான கசப்பு, வறுத்த தானிய வாசம், அவ்வளவுதான். டம்ளரோடு அப்படியே தரையில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டினாள். ஈஸ்ட் பசியோடு தின்னும் முதல் நாலு நாளும் குளிர் கிடைத்திருக்கிறது, அதனால் பழ வாசம் எழவில்லை. பந்தி முடிந்தபின், தான் விட்ட வெண்ணெய் வாசத்தைத் தின்று இலை எடுப்பதும் அதே ஈஸ்ட்தான், அந்த வேலைக்கு அதற்குக் கொஞ்சம் வெதுவெதுப்பு வேண்டும். போன தடவை கடைசிவரை குளிரிலேயே வைத்ததால் வெண்ணெய் அங்கேயே தங்கிவிட்டது. எழுந்து அடுக்களைக்குப் போய், "சோத்துக்கு வெஞ்சனம் என்னம்மா?" என்று கேட்டாள். சகாயராணிக்குச் சமாதானம் ஆனது புரிந்தது, காரணம்தான் புரியவில்லை.

ஜூன் பதினைந்து. பெங்களூரில் ஈஸ்வரன் அவள் கொண்டுபோன பியரைக் கிளாஸில் ஊற்றி வெளிச்சத்தில் பார்த்தார், முகர்ந்தார், குடித்தார். மறுபடி ஊற்றிக்கொண்டார். பிறகு நோட்டை எடுத்து ஐந்தாம் நாளில் விரலை வைத்தார்.

"இருபதுலருந்து இருபத்தஞ்சு ஏத்தியிருக்க. எங்களுக்கே இது புரிய வருசம் ஆச்சு. தெரிஞ்சுதான் செஞ்சியா?"

ஆமாம் என்றால் முடிந்தது. அவர் அதை எதிர்பார்ப்பதும் தெரிந்தது. வேலை அவளுக்கு வேண்டும்.

"இல்ல சார். அன்னைக்கு எங்க தெருவுல தண்ணி வந்துச்சு. டப்ப அம்மா எடுத்துக்கிட்டாங்க. ஏன் நல்லா வந்துச்சுன்னு பெறகுதான் கண்டுபிடிச்சேன்."

ஈஸ்வரன் சிரிக்கவில்லை. நோட்டை மூடினார்.

"அடுத்த தடவ அஞ்சாம் நாள் தண்ணி வரலன்னா?"

"டப்ப நானே காலி பண்ணி அம்மாகிட்ட குடுத்துருவேன் சார்."

அவர் மிச்சத்தைக் குடித்து முடித்தார். "ஒண்ணாந் தேதி காலையில ஏழு மணிக்கு வந்துரு," என்றார்.