முதல் கரடித் தலை

கோரினுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஆனால் அன்று காலை தோர்ன்பரி கல்லூரிப் புல்வெளியில், பிள்ளைகளை முழங்கையால் இடித்துத் தள்ளிக்கொண்டு மேடைக்கு முன்னால் போய் நின்றாளே, அந்த வேகத்தைப் பார்த்தவர்கள் இருபதுதான் என்று சத்தியம் செய்வார்கள். இருக்காதா பின்னே? 'சனிக்கிழமைச் சாலை' என்ற டிவி நிகழ்ச்சி திரும்பவும் இந்த ஊருக்கு வந்திருக்கிறது. முப்பது வருஷம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, பிறந்த வீட்டுக்கு இப்போதுதான் வழி தெரிந்திருக்கிறது அந்த மகராசன்களுக்கு.

பிறந்த வீடு என்பது சும்மா பேச்சில்லை. அதற்கு முன்னால் அந்த நிகழ்ச்சி வெறும் டை கட்டிய மூன்று பேரும் ஒரு மேசையும்தான். எங்கோ ஒரு ஸ்டுடியோவில் உட்கார்ந்துகொண்டு, அன்றைய கால்பந்து ஆட்டங்களில் எந்தக் கல்லூரி ஜெயிக்கும் என்று தூங்கி வழிந்தபடி சொல்வார்கள். ஆட்டம் நடக்கிற இடத்துக்கே மேசையைத் தூக்கிக்கொண்டு போனால் என்ன என்று எந்தப் புண்ணியவானுக்கோ தோன்றியது. முதலில் வந்தது தோர்ன்பரிக்கு. கொட்டுகிற மழை. நூறு பேர் வந்திருந்தால் அதிகம். யார் ஜெயிப்பார்கள் என்று கடைசியில் கேட்டபோது, பழைய பயிற்சியாளர் மெர்ல் ஹட்டன் வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் கல்லூரி அணியின் சின்னமான கரடி வேஷத்தில் நின்ற மாணவனின் பொம்மைத் தலையைக் கழற்றித் தன் தலையில் மாட்டிக்கொண்டார். நாடே சிரித்தது. அன்றிலிருந்து வாராவாரம், ஒவ்வொரு ஊரிலும் அதேதான். மெர்ல் எந்த அணியின் பொம்மைத் தலையை மாட்டுகிறாரோ அந்த ஊர் கூத்தாடும், மற்ற ஊர் அவரைத் திட்டித் தீர்க்கும்.

அன்றைக்குத் தலையைப் பறிகொடுத்தவன் கரடி வேஷத்தின் முன்பாதங்களால் முகத்தை மூடிக்கொண்டு மேசைக்கு அடியில் பதுங்கிவிட்டான். அது தோர்ன்பரியின் கண்டிப்பான சட்டம். கரடியாக இருக்கிற மாணவன் தோலுக்குள் இருக்கும்போது ஒரு வார்த்தை பேசக்கூடாது. தான்தான் கரடி என்று பட்டம் வாங்கும் நாள்வரை பெற்ற தாயிடம்கூட மூச்சு விடக்கூடாது. நிகழ்ச்சி முடிந்து கரடி தலையை மறுபடி மாட்டிக்கொண்டு இறங்கி வந்தது. மழையில் தனியாக நின்ற கோரினின் கையைப் பிடித்தது. பேண்டு வாத்தியக்காரர்கள் வாசித்த பாட்டு முடியும்வரை சேற்றில் அவளோடு ஆடியது.

பட்டமளிப்பு நாளில், தான்தான் கரடி என்று காட்ட அங்கிக்குக் கீழே கரடிப் பாதம் போட்டுக்கொண்டு மேடையேறியவர்கள் இரண்டு பேர். டுவேன், அவனுடைய அறைத்தோழன் லைல். வேஷத்தை மாறி மாறிப் போட்டிருக்கிறார்கள். கோரின் ஓடிப்போய்க் கேட்டாள்.

"மழையில என்கூட ஆடுனது உங்கள்ல யாரு?"

"நான்தான்" என்றான் டுவேன். அந்த வருஷமே கல்யாணம்.

அப்புறம் அதுவே டுவேனுக்குப் பிழைப்பாகிவிட்டது. அவன் கார் கடையின் பெயர் 'முதல் கரடி'. ஒவ்வொரு கல்யாண நாளிலும் கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஆரம்பிப்பான். "அந்தத் தலைக்குள்ளேர்ந்து பாத்தேன். இமையில மழைத்துளி. அந்த மூஞ்சியப் பாத்ததோட முடிஞ்சுது என் கதை!" மகளுக்கே கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. கோரினுக்கு அலுக்கவில்லை. வாக்குவாதம் முற்றி, கடன் நெருக்கி, போதும்டா சாமி என்று தோன்றிய காலங்களிலெல்லாம் அவள் பிடித்துக்கொண்டது அந்த ஒரு பாட்டு நேரத்தைத்தான். லைல் மாட்டு வைத்தியனாகி, கல்யாணமே செய்துகொள்ளாமல் அதே ஊரில் இருந்தான். ஞாயிறுதோறும் இவர்கள் வீட்டில்தான் சாப்பாடு. டுவேன் கோப்பையைத் தூக்கினால் மட்டும் ஐஸ் எடுத்து வருகிறேன் என்று சமையலறைக்குப் போய்விடுவான்.

இன்றைக்கு மேடையில் டுவேன் விருந்தாளி. புதுச் சட்டை, டிவிக்கென்றே வாங்கிய பளபளக்கும் ஷூ.

"வாப்பா, முதல் கரடி!" என்றார் மெர்ல். எண்பதைத் தாண்டியும் குரல் மட்டும் அப்படியே இருந்தது. "உன் தலையத் திருடி முப்பது வருஷமா வயித்தக் கழுவிட்டிருக்கேன். அதுக்கு ஒரு பரிசு வெச்சிருக்கோம். அன்னிக்கு மேசைக்குப் பின்னாடி இன்னொரு கேமரா ஓடிட்டிருந்திருக்கு. டேப்பு போன வாரம்தான் கெடச்சுது. நானே இன்னும் பாக்கல. போடுங்கப்பா!"

கோரின் கைதட்டிக்கொண்டே புருஷனைப் பார்த்தாள். டுவேனின் முகத்தில் ரத்தமே இல்லை.

பெரிய திரையில் மழை. மேசையின் அடிப்பக்கம். கரடி உடம்போடு ஒருவன் குனிந்து உட்கார்ந்திருக்கிறான். பாதங்களை முகத்திலிருந்து எடுத்து மூச்சு வாங்குகிறான். நனைந்த செம்பட்டை முடி. முறம் மாதிரி இரண்டு காது.

லைல்.

பின்னால் யாரோ, "டேய், அது நம்ம மாட்டு டாக்டர் இல்ல?" என்றான். கோரினுக்குக் காது அடைத்துவிட்டது. எப்படி மேடை ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. யாரோ "விளம்பரம்! விளம்பரத்துக்குப் போ!" என்று கத்தினார்கள்.

"டுவேன், என்ன இது?"

"கோரின், கேளு. தலையக் குடுத்தது அவன்தான். சரி, ஒத்துக்கறேன். ஆனா அப்புறம் கூடாரத்துக்குப் பின்னாடி மாத்திக்கிட்டோம். ஆடுனது நான். சத்தியமா நான்."

"கடையில 'முதல் கரடி'ன்னு போர்டு தொங்குதே!"

"ஐயோ, அது வியாபாரம்! உன்கிட்ட போய்ப் பொய் சொல்வேனா?"

அவன் கண்ணில் நீர் நின்றது. நம்பிவிடத்தான் அவளுக்கு ஆசை. தலையைக் கொடுத்தவன் எவனாக இருந்தால் அவளுக்கென்ன? ஆடியவன் யார்? அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டும். அதற்குள் கூட்டத்தில் இருந்தவர்கள் லைலை மேலே தள்ளிவிட்டார்கள். பண்ணையிலிருந்து நேராக வந்திருந்தான், ஷூ நிறையச் சாணி.

"லைல், மாத்திக்கிட்டீங்களா?"

லைல் டுவேனைப் பார்த்தான். "விடு கோரின். ஆட்டம் ஆரம்பிக்கப் போகுது."

"ஆட்டமா? என் வாழ்க்கைடா இது!"

எல்லாரும் பார்க்கிறார்கள். முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? மேசைமேல் எதிரணியின் கழுகுத் தலையும் கரடித் தலையும் மெர்லுக்காகக் காத்திருந்தன. தோலை எத்தனையோ முறை மாற்றிவிட்டார்கள், தலை மட்டும் அதே பழைய தலை. கரடிகளையும் மெர்லையும் தவிர வேறு யாரும் அதைத் தொட்டதில்லை. கோரின் அதை எடுத்துத் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டாள்.

உள்ளே ஒரே இருட்டு. முப்பது வருஷ வேர்வை நாற்றம். அந்தப் பெரிய கண்கள் இரண்டும் வெறும் கண்ணாடி, அவற்றின் வழியாக ஒன்றும் தெரியவில்லை. கரடியின் வாய் மட்டும் திறந்திருந்தது, அதுவும் அவள் மோவாய்க்குக் கீழே. அதன் வழியாகப் பலகை தெரிந்தது, டுவேனின் பளபளக்கும் ஷூ தெரிந்தது. அவன் முகத்தைப் பார்க்கலாம் என்று கழுத்தை வளைத்தாள், நிமிர்ந்தாள், பின்னால் சாய்ந்தாள். முழங்காலுக்கு மேல் எதுவும் தெரியவில்லை.

இமையில மழைத்துளி. அந்த மூஞ்சியப் பாத்ததோட.

இந்தத் தலைக்குள்ளிருந்து எவனுக்கும் எந்த முகமும் தெரியாதே! அடப்பாவி! எப்படித் தெரிந்தது உனக்கு என் இமை?

"லைல்." குரல் பானைக்குள்ளிருந்து வருவது போல் வந்தது. "அன்னிக்கு நீ என்ன பாத்தே?"

சாணி அப்பிய ஷூ அசையவில்லை.

"பூட்ஸ்" என்றான் லைல். "செவப்பு ரப்பர் பூட்ஸ். எடது கால்ல சைக்கிள் டியூப வெட்டி ஒட்டியிருந்தே. அது பிரிஞ்சுபோயி, நீ குதிக்கறப்பெல்லாம் தண்ணி பீச்சிச்சு."

அந்த ஒட்டைப் போட்டவர் அவள் அப்பா. வெட்கப்பட்டுக்கொண்டு அந்த வாரமே பூட்ஸைக் குப்பையில் போட்டாள். யாரிடமும் சொன்னதில்லை. டுவேனின் ஷூ ஓரடி பின்னால் போனது.

"ஏன்டா சொல்லல? இத்தன வருஷம், எங்க வீட்லயே சாப்பிட்டுக்கிட்டு!"

"அவன் முந்திக்கிட்டான். நான் வாயெடுக்கறதுக்குள்ள நீ அவனக் கட்டிப் புடிச்சுட்டே. அவ்வளவு சந்தோஷமா இருந்தே, கோரின்."

"கோரின், நான் உன்னோட வாழ்ந்தது பொய்யில்லயே…" என்று டுவேன் ஆரம்பித்தான். விளக்குகள் பளீரென்று எரிந்தன. நேரலை திரும்பிவிட்டது.

"அம்மா, தலையக் குடும்மா" என்று மெர்ல் கிசுகிசுத்தார். அவள் கொடுக்கவில்லை. நாடு முழுவதும் டிவியைப் பார்த்தவர்கள் கண்டது, தேவாலயத்துக்குப் போட்டுப்போகிற நீலக் கோட்டுக்கு மேல் ஒரு கரடித் தலை. மெர்ல் பழம் தின்று கொட்டை போட்ட மனுஷர். மைக்கை அந்தத் தலைக்கு நேராக நீட்டினார்.

"இது யாரு, புதுக் கரடியா? பேரென்னம்மா?"

அவளிடம் சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. கேட்க ஊரே காத்திருந்தது. ஆனால் கரடி பேசக்கூடாது. கோரின் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

ஒருவன் கைதட்டினான். பிறகு எல்லாரும் தட்டினார்கள். எல்லாம் ஏற்பாடு செய்த கூத்து என்று நினைத்திருப்பார்கள். மெர்ல் மேசையில் மிச்சமிருந்த கழுகைப் பார்த்தார், தொடவில்லை. எந்தப் பொம்மைத் தலையையும் அவர் மாட்டாமல் அந்த நிகழ்ச்சி முடிந்தது அதுதான் முதல் தடவை. பேண்டு வாத்தியக்காரர்கள் கல்லூரிப் பாட்டை எடுத்தார்கள்.

கோரின் கீழே பார்த்தபடி நின்றாள். ஒரு பக்கம் பளபளக்கும் ஷூ, ஒரு பக்கம் சாணி ஷூ, நடுவில் அவளுடைய ஷூ. மூன்றும் நகரவில்லை. பாட்டு முடிந்த பிறகும் அவள் தலையைக் கழற்றவில்லை.