பார்க்காமல் எழுதிய நான்கு

1

இந்தக் கதை ஒரு படிவத்தில் பிறந்தது. வளரும் நாடுகள் ஒன்றிடமிருந்து ஒன்று கற்றுக்கொள்வதற்கான திட்டம் ஒன்றின் படிவம். மேலே 'வெற்றிக் கதை' என்று அச்சாகியிருந்தது. அளவு ஒரு பக்கம். கடைசியில் ஒரு கட்டம்: 'கற்ற பாடம்'.

எங்கள் சுகாதார நிலையத்தின் தடுப்பூசி அறையைப் பார்த்துக் கற்றுக்கொள்ள, எங்களைப் போலவே இழுத்துப் பிடித்துக் காலம் தள்ளும் இன்னொரு நாட்டிலிருந்து ஒரு நர்ஸ் வந்து இரண்டு நாள் இருந்தார். அந்த அறைக்குப் பொறுப்பு என் அக்கா. அதை எழுதித் தரச் சொன்னதும் அவள்தான். நான் வேலையை விட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். வாக்கியம் எழுத வரும்.

முதல் தொடக்கம்: "அறிவுத் தாகத்தோடு கடல் கடந்து வந்த அந்தச் செவிலியின் கண்களில்—"

இல்லை. அவர் கண்களில் தூக்கம்தான் இருந்தது. மூன்று விமானம் மாறி வந்தவர்.

இரண்டாம் தொடக்கம்: "அறையில் ஒரு குளிர்பெட்டி இருந்தது."

இது உண்மை. இதை வைத்துக்கொள்கிறேன்.

2

குளிர்பெட்டிக்குள் இரண்டு டிகிரிக்குக் குறையவும் கூடாது, எட்டைத் தாண்டவும் கூடாது. உறைந்துபோனால் சில தடுப்பு மருந்துகள் செத்துவிடும். வெளியே பார்த்தால் தெரியாது. அதனால் கதவில் ஓர் அட்டவணை. காலையில் அக்கா பார்த்து எழுதுவாள். இரவில் ஒரு பணியாள் தனித் தாளில் எழுதுவார்; மாதம் முடிந்ததும் அதுவும் கதவில் ஏறும்.

(இரவுப் பணியாளுக்கு ஐம்பது வயது. ஒல்லி. ஓயாத இருமல். வாசகரே, இவரைக் கொஞ்சம் சந்தேகப்பட்டு வையுங்கள்.)

போன வாரம்தான் பணக்கார நாட்டுக்காரர் ஒருவர் அந்த அட்டவணையைப் படம் பிடித்துக்கொண்டு, அருமை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். இந்த நர்ஸ் படம் பிடிக்கவில்லை. மூக்கு உரசும் அளவுக்குக் கிட்டப் போய்ப் படித்தார்.*

"ராத்திரி யாரு எழுதறது, சிஸ்டர்?"

"ஒருத்தன் இருந்தான். இப்ப நின்னுட்டான். ஏன், தப்பா இருக்கா?"

"தப்பே இல்ல. அதான் கேக்கறேன். முப்பது ராத்திரியும் நாலு. ஒரு நாள்கூட மூணரை இல்ல, அஞ்சு இல்ல. எங்க பெட்டிக்கு இவ்வளவு ஒழுக்கம் கிடையாது."

"எங்க பெட்டி நல்ல குடும்பத்துப் பெட்டி" என்றாள் அக்கா.

"நானும் இப்படித்தான் எழுதிக்கிட்டிருந்தேன். எனக்கு நாலு பிடிக்காது. அஞ்சு போடுவேன்."

இருவரும் சிரித்தார்கள். பிறகு அவர் கேட்டார்:

"ராத்திரி கரண்ட் எப்படி?"

"பகல்லதான் போகும், வரும். ராத்திரி போகவே போகாது."

அவர் சிரிப்பு நின்றது. "எங்க பெட்டியும் ராத்திரிலதான் கெட்டுச்சு. நிக்காம ஓடி ஓடி உறைய வச்சிடுச்சு. காலைல கதவைத் திறந்து மூடினா முள்ளு நல்ல பிள்ளையா நாலுல வந்து நிக்கும்."

* உண்மையில் இருவரும் உடைந்த மூன்றாவது மொழி ஒன்றில் பேசினார்கள். பாதி கையால் பேசினார்கள். அதை அப்படியே எழுதினால் இருவரும் மண்டூகம் போலத் தெரிவார்கள். அவர்கள் அப்படி இல்லை.

3

அவர் எங்கள் குளிர்பெட்டியிலிருந்து ஒரே வகைக் குப்பிகள் இரண்டை எடுத்தார். ஒன்றை வேண்டுமென்றே உறையவைத்தார். மறுநாள் அது உருகியதும் இரண்டையும் சேர்த்துக் குலுக்கி மேசைமேல் வைத்தார். உறைந்த மருந்தில் கசடு சீக்கிரம் அடியில் இறங்கி, மேலே தண்ணீர் தெளிந்துவிடும். நல்ல மருந்து வெகுநேரம் பால் போலக் கலங்கியே நிற்கும்.

மூன்று பேரும் மேசைமேல் குனிந்து பார்த்தோம். இரண்டு குப்பியும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒன்றாகத் தெளிந்தன. அவர் உறையவைக்காததும் பெட்டிக்குள் ஏற்கெனவே உறைந்ததுதான்.

அக்கா பதிவேட்டைத் திறந்து விரலால் எண்ணினாள். அந்த மாதத்தில் அந்த மருந்து போட்டுக்கொண்ட குழந்தைகள் நாற்பத்து மூன்று.

"எங்க ஊர்ல அறுபத்திரெண்டு" என்றார் நர்ஸ்.

"திரும்பக் கூப்பிட்டீங்களா?"

"கூப்பிட்டோம். பாதிப் பேர் வந்தாங்க. மீதிப் பேர் வாசல்லயே நிக்க வச்சுத் திட்டினாங்க. என்னை வேற இடத்துக்குத் தூக்கி அடிச்சாங்க. அங்கயும் பெட்டியைத்தான் குடுத்தாங்க."

"இந்தக் குலுக்கற வித்தைய யாரு சொல்லிக்குடுத்தா?"

"பக்கத்து நாட்டு நர்ஸ் ஒருத்தி. அவளுக்கு நூத்திப்பத்து."

அக்கா என்னை ஒரே ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள்.

4

ஐம்பது வயது, ஒல்லி, இருமல்: அடித்துவிடுங்கள். அப்படி ஒரு ஆள் இல்லை. இரவுப் பணியாள் நான்தான். அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது அக்கா.

ஏன் பார்க்கவில்லை என்பதற்குப் பத்துப் பக்கம் எழுதலாம். பகலில் தூக்கம் வராத உடம்பு, இரவில் ஆளில்லாத கட்டடத்தின்— வேண்டாம். நாற்காலியிலிருந்து பெட்டிக்குப் பத்தடி. நான் எழுந்திருக்கவில்லை. மாதத்தின் மூன்றாம் தேதியே முப்பது கட்டத்தையும் நிரப்பிவிட்டேன்.

விருந்தாளியை வழியனுப்பிவிட்டு வந்த மத்தியானம், சமையலறையில் அக்கா கேட்டாள்:

"டேய் கோட்டான், ஒரு நாளாவது எழுந்து பாத்தியா?"

"முதல் ரெண்டு நாள்."

"எவ்வளவு இருந்துச்சு?"

"நாலு."

நம்பினாளா என்று தெரியாது. அடுத்த மாதம் அவள் அந்த நர்ஸின் நாட்டுக்குப் போகவேண்டும். இரண்டு மாதம், குளிர்பெட்டி பராமரிப்பு சொல்லிக்கொடுக்க. அவளுக்கு முதல் விமானப் பயணம். பெட்டி படுக்கைகூட வாங்கிவிட்டாள்.

"நான் போய் அவங்களுக்கு என்னத்தச் சொல்லிக்குடுக்கறது?"

"இதைத்தான்."

"இதைச் சொன்னா அனுப்பவே மாட்டாங்கடா."

5

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: படிவம் கேட்ட மாதிரியே வெற்றிக் கதை. அக்கா பறக்கிறாள். நாற்பத்து மூன்று குழந்தைகளுக்கும் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. (இந்தப் 'பெரும்பாலும்' மேல் பேனாவை வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.)

இரண்டு: உண்மை. அக்கா நாற்பத்து மூன்று வாசலில் நின்று திட்டு வாங்குகிறாள். விமானம் அவள் இல்லாமல் போகிறது.

மூன்று: 'கூடுதல் ஊசி' என்று சொல்லிக் குழந்தைகளை ஓசைப்படாமல் கூப்பிட்டுப் போட்டுவிடுவது. யாருக்கும் ஒன்றும் தெரியாது. அக்காவுக்குப் பிடித்த முடிவு இதுதான். எனக்கும். ஆனால் கிளம்பும்போதே அந்த நர்ஸ் இதை மோப்பம் பிடித்துவிட்டார். "கமுக்கமா முடிச்சா எல்லாருக்கும் நல்லதுதான், சிஸ்டர். அப்ப அடுத்தவளுக்கு யாரு சொல்றது?" என்று கேட்டுவிட்டு வண்டியில் ஏறினார்.

6

படிவத்தோடு அட்டவணையையும் இணைக்கவேண்டும் என்பது விதி. இன்று காலை நான் முப்பது நான்குகளின் மேலும் ஒரே கோடு இழுத்தேன். பக்கத்தில் 'பார்க்காமல் எழுதியது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். படிவத்துக்கு அடியில் வைத்து ஸ்டேப்ளர் பின் அடித்தேன். 'கற்ற பாடம்' கட்டத்தைக் காலியாக விட்டேன். அது அக்காவின் கட்டம்.

பின்னை நகத்தால் நெம்பி அட்டவணையை உருவிவிடலாம். அதுவும் தெரியும்.

"எழுதிட்டியா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

"எழுதிட்டேன்."

நான் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். மேசை எனக்குப் பின்னால். நாற்காலி இழுபடும் சத்தம். முதல் தாள் புரள்கிறது. இரண்டாவது தாள். பிறகு சத்தம் இல்லை. பேனா எழுதுகிறதா, நகம் பின்னை நெம்புகிறதா, இங்கிருந்து சொல்லமுடியாது.

என்னைக் கேட்டால் இங்கே உட்கார்ந்தபடியே ஒரு முடிவைப் போட்டுவிடுவேன். அந்தப் பழக்கம் எனக்கு உண்டு என்பது உங்களுக்கே தெரியும். நீங்கள் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

பத்தடிதான்.