இரட்டைக் கொம்பு

கடை திறந்த முதல் நாள் காலை, எதிர்க்கடைத் தையல்காரர் அளவு நாடாவைக் கழுத்தில் தொங்கவிட்டபடி தெருவைக் கடந்து வந்தார். பலகையை அண்ணாந்து பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஏம்மா, இவ்வளவு நேர்மையான கடையை நான் பார்த்ததே இல்ல. அழுகின தக்காளி அரைக் கிலோ போடு!"

கடைக்காரி வெளியே ஓடி வந்து பார்த்தாள். 'கேட்டதெல்லாம் கிடைக்கும்' என்று எழுதச் சொல்லியிருந்தாள். பலகையில் கெட்டதெல்லாம் கிடைத்துக்கொண்டிருந்தது. தானே சொன்ன வாசகம் என்பதால் நேற்று அவள் கண் சரியாகவே படித்துத் தொலைத்திருந்தது.

எழுத்து என்னவோ அழகுதான். விளம்பரப் பலகை செய்யும் பட்டறையில் வேலை பார்க்கிற தம்பி வரைந்தது. சொந்தமாக ஒரு எழுத்துரு செய்கிறேன் என்று வீட்டில் எல்லார் உயிரையும் வாங்கியவன். கொழுகொழுவென்று, முனையெல்லாம் உருண்டு, ஓடத் தயாராக நிற்கிற மாதிரி முன்னால் சாய்ந்த சிவப்பு எழுத்துகள். ஒவ்வொன்றையும் தனித்தனியாக வெட்டி ஒட்டியிருந்தான். அந்தக் கொழுப்பில் 'கே'யின் மேல்சுழி மூழ்கிப்போய், இரட்டைக் கொம்பு ஒற்றைக் கொம்பாகியிருந்தது.

பையோடு வந்த இரண்டு பெண்கள் பலகையைப் படித்தார்கள். வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே போய்விட்டார்கள். அவளோ இந்தக் கடைக்காகப் புகுந்த வீட்டையே எதிர்த்து நின்றவள். மாலையில் மாமியார் வேறு பார்க்க வருகிறார்.

தம்பி நடைபாதையில் குந்தி, பலகையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

"டேய், சுழி எங்கடா?"

"இருக்குக்கா. உத்துப் பாரு."

"கத்தரிக்கா வாங்க வர்றவ ஏணி போட்டு ஏறி உத்துப் பார்ப்பாளா?"

அவன் தலையைச் சொறிந்தான். "திறந்து விட்டா கன்னத்துல கொப்புளம் மாதிரி இருந்துச்சுக்கா. அதான் அடைச்சிட்டேன். சேர்த்துப் படிச்சுக்குவாங்கன்னு..."

கைத்தவறு என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள்.

"தெரிஞ்சேவா செஞ்ச?"

"அழகு கெட்டுடும்ல?"

"கெட்டதெல்லாம்தான் இங்க கிடைக்குமே, அதையும் சேர்த்து வித்துட்டுப் போறேன்! உன் அழகைக் காட்ட என் பொழப்புதான் கிடைச்சுதா?"

"கோபப்படாதக்கா. நெட்டுல போட்ட படத்தைப் பார்த்துட்டு எல்லாரும் எவ்வளவு பாராட்டறாங்க தெரியுமா?"

அவள் பெட்டி பிரிக்கிற கத்தியை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினாள்.

"அந்த ஒரு கொம்பை மட்டும் எடுத்தாப் போதும்கா!"

அவள் முதல் வார்த்தை முழுவதையும் பெயர்த்தாள். எழுத்துகள் ஒவ்வொன்றாக விழ, அவன் கீழே ஓடி ஓடிக் கைக்குழந்தையைத் தாங்குவதுபோல் தாங்கினான். அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு இன்னும் ஆத்திரம் பொங்கியது. அவள் பெயரைக் காப்பாற்ற இந்த ஓட்டத்தில் பாதி ஓடியிருக்கக் கூடாதா?

"போ. மாமியார் வர்றதுக்குள்ள சுழி தெரியிற 'கே' ஒண்ணு வெட்டிக்கிட்டு வா. கொப்புளமா இருக்கட்டும், கட்டியா இருக்கட்டும், படிக்க வந்தாப் போதும்."

"எழுத்தோட சாய்வுக்கு அது ஒத்து வராதுக்கா..."

பலகையில் 'கிடைக்கும்' மட்டும் தனியாக நின்றது. சைக்கிளில் போன தபால்காரர் காலை ஊன்றி நிறுத்தினார்.

"என்னம்மா கிடைக்கும்?"

"உதை," என்றாள் அவள், கத்தியை மடக்கியபடி. "வாங்கிக்க ஆள் இங்கேயே நிக்குது."

தம்பி 'கெ'யை மார்போடு அணைத்துக்கொண்டு பட்டறைப் பக்கம் நடையைக் கட்டினான்.