ஆற்றுக்குப் போன வெள்ளை பெல்ட்

ஆடி பிறந்தபோது இசக்கியம்மாளின் வெள்ளை பெல்ட் பழக்கடை வரைக்கும் வளர்ந்திருந்தது. ஆவணியில் அது பஸ் ஸ்டாப்பைத் தாண்டிவிட்டது.

மாற்றாமல் விட்ட வெள்ளை பெல்ட் வளரும். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். முதல் வருஷம் இடுப்பை இரண்டு சுற்று சுற்றி முடிச்சுப் போட அளவாக இருக்கும். மூன்றாம் வருஷம் படியில் இழுபடும். இசக்கியம்மாள் கட்டிக்கொண்டிருந்தது பதினோரு வருஷம். முடிச்சு மூன்றாவது மாடியில், பாத்திரக்கடைக்கு மேலே இருந்த பயிற்சிக்கூடத்தில் இருந்தது. நுனி வண்ணார்பேட்டை ரோட்டில் இருந்தது. ஆட்டோக்காரர்கள் அதைப் பார்த்து ஒதுங்கிப் போனார்கள். ஒருத்தர்கூட வண்டியை அதன் மேலே ஏற்றியதில்லை, நல்ல மனுஷர்கள்.

ஆற்றுக்கு இன்னும் நூற்று முப்பது அடி இருந்தது. சிக்கல் அங்கேதான். நுனி தாமிரபரணியைத் தொடுவதற்குள் அடுத்த நிறம் தேர்வு அலுவலகத்து ஃபாரத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதப்படாத பெல்ட்டை ஆறு இழுத்துக்கொள்ளும். அப்புறம் அந்த ஆளை மேட்டில், அதாவது பயிற்சிக்கூடத்துத் தரையில் விரித்த மெத்தையில், கால் வைக்க விடமாட்டார்கள். போன வருஷம் ஒரு பேங்க் மேனேஜர் அப்படிப் போனார். இப்போது கேரம் ஆடுகிறார்.

இசக்கியம்மாளுக்கு நாற்பத்து நான்கு வயது. ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுப்பவள். காலையிலிருந்து, மூச்சை இழுத்துப் பிடிங்க, ஆடாதீங்க, இப்ப விடுங்க என்று ஊருக்கெல்லாம் சொல்வாள். சாயங்காலம் ஆனதும் பயிற்சிக்கூடத்து மேட்டில் யாருக்காவது அடியில் கிடந்து தன் மூச்சைத் தானே பிடித்துக்கொள்வாள். நாள் முழுக்க அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான். அது போய்விடுமோ என்று அவள் பயந்தாள். யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் நன்றாகவே பயந்தாள்.

அவள் படித்தது பிரேசிலியன் ஜியு-ஜிட்சு. அதில் அடி கிடையாது, உதை கிடையாது. கட்டிப் பிடித்து உருள வேண்டும். எதிராளியின் கழுத்தையோ கையையோ மடக்க வேண்டும். மாட்டிக்கொண்டவர் இரண்டு தட்டு தட்டினால் அந்த நொடியே விட்டுவிட வேண்டும். வெள்ளைக்கு அடுத்தது நீலம். அதற்கும் மேலே ஊதா, பழுப்பு, கறுப்பு. இசக்கியம்மாள் நீலத்துக்கு மேல் எதையும் நினைத்துப் பார்த்ததில்லை.

கால் படாமல் இந்த விளையாட்டை விளையாட முடியாது. பாதி வேலையைக் கால்தான் செய்கிறது. ஆனால் கால் பட்டால் இசக்கியம்மாளுக்குத் தொட்டுக் கும்பிட்டாக வேண்டும்.

அவள் பாதம் எதிராளியின் தொடையில் படும். உடனே பிடியை விட்டுவிடுவாள். வலது கையால் அவர் தோளைத் தொட்டு, அந்த விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். அதற்குள் எதிராளி அவள் கழுத்தை எடுத்துக்கொள்வார். அவள் தட்டுவாள். பதினோரு வருஷமும் இதே கதைதான்.

பிடி தெரியாதவள் என்று நினைத்துவிடாதீர்கள். சும்மா சொல்லக் கூடாது, அந்தக் கூடத்தில் அவளைப் போலப் பிடிக்க ஆள் கிடையாது. மாஸ்டர் ராயப்பனே ஒரு தடவை அவளிடம் வசமாக மாட்டினார். முழி பிதுங்கித் தட்டக் கையைத் தூக்கிவிட்டார். அந்த நேரம் பார்த்து அவள் கால் சுண்டுவிரல் அவர் முழங்காலில் பட்டுத் தொலைத்தது.

ராயப்பன் அவளைவிட ஏழெட்டு வயது இளையவர். அக்கா என்றுதான் கூப்பிடுவார். பெல்ட் பஸ் ஸ்டாப்பைத் தாண்டிய அன்று அவளைத் தனியாக உட்கார வைத்துப் பேசினார்.

"அக்கா, காலு படத்தான் செய்யும். அது விளையாட்டு."

"படட்டும் மாஸ்டர். தொட்டுக் கும்பிட்டுட்டுப் பிடிக்கேன்."

"அதுக்குள்ள அவன் பிடிச்சிருதான்லா."

"பிடிக்கட்டும். அவன் மேல என்ன தப்பு?"

ராயப்பன் எழுந்து ஜன்னலுக்குப் போனார். ரோட்டில் கிடந்த பெல்ட்டைக் கண்ணால் அளந்து பார்த்தார்.

அவளும் சும்மா இருக்கவில்லை. ஒரு வாரம் வகுப்புக்கு முன்னாலேயே வாசலில் நின்று, வருகிற ஒவ்வொருவரையும் தொட்டு முன்கூட்டியே கும்பிட்டுப் பார்த்தாள். மேட்டில் இறங்கிக் கால் பட்டதும் கை அதுபாட்டுக்குப் போனது. இன்னொரு வாரம் எல்லாவற்றையும் சேர்த்து வைத்து வகுப்பு முடிந்ததும் கும்பிடப் பார்த்தாள். முதல் நாளே அறுபத்து மூன்று சேர்ந்துவிட்டது. மனசு கனத்து, சாதம் இறங்கவில்லை. அதையும் விட்டுவிட்டாள்.

புரட்டாசி முதல் செவ்வாய்க்கிழமை பெல்ட் பாலத்தடிக்குப் போய்விட்டது. இசக்கியம்மாள் லீவு போட்டுவிட்டு, பெல்ட்டைக் கட்டிக்கொண்டு தேர்வு அலுவலகத்துக்குக் கிளம்பினாள். ராயப்பன் பெல்ட் நுனியைப் பார்த்துக்கொள்ள ஆற்றங்கரைக்குப் போனார். போனை அணைக்காமல் வைத்துக்கொள்ளச் சொன்னார்.

அலுவலகம் அதே மாடியில்தான். ஆனால் வெள்ளை பெல்ட்டுக்கு அந்த நடைகூடம் நீளும். நீலத்துக்கு இருபது எட்டு வைத்தால் போதும். கறுப்புக்கு நடைகூடமே கிடையாது, கதவைத் திறந்தால் உள்ளே இருப்பார்கள். இசக்கியம்மாள் காலை ஏழு மணிக்கு நடக்கத் தொடங்கினாள். பாதி வழியில் ஒரு பெஞ்சு இருந்தது. அதில் உட்கார்ந்து புளிசாதத்தைச் சாப்பிட்டாள். எதிரே ஒருவரும் வரவில்லை. ஒன்றரை மணிக்குக் கதவு வந்தது.

ஜன்னலுக்குப் பின்னால் பெர்பெத்துவா உட்கார்ந்திருந்தார். தேர்வு அதிகாரி. ஐம்பத்தெட்டு வயது, கண்ணாடிக்குச் சங்கிலி, இடுப்பில் கறுப்பு பெல்ட். அவர் ஒரு ஃபாரத்தை நீட்டினார். முதல் கேள்வி, நீங்கள் இருக்கிறீர்களா என்பது. ஆம் என்றால் ஆதாரம் இணைக்க வேண்டும்.

வேறு யாராக இருந்தாலும் அங்கேயே திரும்பியிருப்பார்கள். இசக்கியம்மாள் பையிலிருந்து தன் நெஞ்சு எக்ஸ்ரேயை எடுத்துக் கொடுத்தாள். பெர்பெத்துவா அதை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். விலா எலும்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார்.

"இருக்கீங்க," என்றார்.

"தேர்வுக்கு எதிராளி யாரும்மா?" என்று கேட்டாள் இசக்கியம்மாள்.

"நான்தான்."

ஃபாரம் நீட்டுகிற ஓட்டை ஒரு சாண் அகலம் இருக்கும். முதலில் கண்ணாடி வந்தது. பின்னால் ஒரு கை வந்தது. அப்புறம் பெர்பெத்துவா முழுவதும் வந்துவிட்டார். சேலை ஒரு மடிப்புகூடக் கலையவில்லை. இசக்கியம்மாளுக்கு அதைப் பார்த்துக் கும்பிடத் தோன்றியது, ஆனால் இன்னும் கால் படவில்லை.

நாற்காலிகள் தாங்களாகச் சுவரோரம் போய் நின்றன. தரை மெத்தையாகியது. இசக்கியம்மாள் போனைச் சுவரோரம் சாய்த்து வைத்தாள். அதிலிருந்து ராயப்பனின் குரல் வந்தது. ஆற்றுக்குப் பன்னிரண்டு அடி இருக்கிறதாம்.

இருவரும் உள்ளங்கையோடு உள்ளங்கை தட்டித் தொடங்கினார்கள். இசக்கியம்மாள் மல்லாந்து, பெர்பெத்துவாவின் இடுப்பைக் கால்களால் சுற்றினாள். பாதம் முதுகில் பட்டது. கை போனது. தொட்டாள், கண்ணில் ஒற்றினாள். பெர்பெத்துவா அந்தக் கையை எடுத்துக்கொண்டார். எப்படியோ உருவினாள். மறுபடி சுற்றினாள். மறுபடி பட்டது. மறுபடி தொட்டாள். பெர்பெத்துவா பாறாங்கல் மாதிரி நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்தார். மூச்சை இழுத்துப் பிடிங்க, ஆடாதீங்க என்று இசக்கியம்மாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அப்புறம் விட்டாள். விட்ட மூச்சோடு பக்கவாட்டில் நழுவி வெளியே வந்துவிட்டாள்.

பெர்பெத்துவா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். முப்பது வருஷ சர்வீசில் அவர் நெஞ்சுக்கு அடியிலிருந்து யாரும் வெளியே வந்ததில்லை.

"அஞ்சு அடி," என்றது போன்.

அடுத்த தடவை பெர்பெத்துவா தன் இரண்டு கால்களையும் இசக்கியம்மாளின் கழுத்தில் போட்டுப் பூட்டினார். அதிலிருந்து ஆள் தப்பியதாக வரலாறு கிடையாது. இசக்கியம்மாளுக்குக் கண் இருட்டியது. பெர்பெத்துவாவின் குதிகால் அவள் நெற்றியில் பட்டது. அங்கேதான் அது நடந்தது. பெர்பெத்துவாவின் கை பூட்டை விட்டு நகர்ந்தது. நகர்ந்து, இசக்கியம்மாளின் தோளைத் தொட்டு, தன் கண்ணுக்குப் போனது. யாருடைய கை அது என்பதுபோல் பெர்பெத்துவா அதைப் பார்த்தார்.

அரை நொடி போதும் இசக்கியம்மாளுக்கு. கால்களுக்குள்ளிருந்து தலையை உருவி, பின்னால் சுற்றிப் போய், பெர்பெத்துவாவின் கழுத்தை முழங்கை மடிப்பில் வாங்கிக்கொண்டாள். அருமையான பிடி. இன்னும் ஒரு மூச்சு நேரம் இறுக்கினால் முடிந்தது.

"ஒரு சாண்தான்க்கா இருக்கு," என்றது போன். "எதா இருந்தாலும் சட்டுன்னு செய்யுங்க."

அவளுடைய குதிகால் பெர்பெத்துவாவின் தொடையில் பட்டிருந்தது.

இசக்கியம்மாளுக்கு அது தெரியும். ஆறு எங்கே இருக்கிறது என்பதும் தெரியும். நாளைச் சாயங்காலம் எப்படி இருக்கும், அதற்கு மறுநாள் எப்படி இருக்கும், கேரம் போர்டு எத்தனை கனம் இருக்கும் என்று எல்லாம் தெரிந்தது. அழுகை வந்தது. இறுக்கியிருக்கலாம், யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவள் கையை எடுத்தாள். பெர்பெத்துவாவின் தோளைத் தொட்டாள். விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், வழக்கம்போலவே, அவசரப்படாமல்.

பெர்பெத்துவாவின் கழுத்தில் இப்போது ஒன்றும் இல்லை. எந்தக் கையும் மடங்கியிருக்கவில்லை. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இசக்கியம்மாளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மேட்டில் இரண்டு தடவை தட்டினார்.

"ஏம்மா தட்டுதீங்க? நான் ஒண்ணும் பிடிக்கலையே."

"பிடிச்சிருக்கீங்க," என்றார் பெர்பெத்துவா.

கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். ஃபாரத்தை இழுத்து, கடைசிக் கட்டத்தில் நீலம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மை காய ஊதினார்.

"அக்கா," என்றது போன். "நுனி ஆத்தைத் தொட்டுட்டு."

போனில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. பெல்ட்டை ஆறு இழுக்கவில்லை என்று ராயப்பன் சொன்னார். நுனி நீலமாகிவிட்டதாம். திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி நீலம் மேலே ஏறி வருகிறதாம். தாமிரபரணித் தண்ணீர் என்றைக்கு நீலமாக இருந்தது என்று கேட்பவர்கள் ராயப்பனைத்தான் கேட்க வேண்டும். அவர் அதன் கூடவே நடந்து வந்து சொல்லிக்கொண்டிருந்தார். பஸ் ஸ்டாப் வந்தாயிற்று. ஆட்டோக்காரர்கள் இறங்கி நிற்கிறார்கள். பழக்கடைக்காரர் தார்களை ஒதுக்கிவிட்டுப் பார்க்கிறார். படி ஏறுகிறது. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சொன்னார், மாஸ்டர் என்றாலும் மனுஷன்தானே.

நடைகூடம் இப்போது இருபது எட்டுதான். நீலம் அதைக் கடக்க நேரமே ஆகவில்லை. கதவு இடுக்கில் நுழைந்து, மேட்டில் ஊர்ந்து, இசக்கியம்மாளின் இடுப்புக்கு ஏறி, முடிச்சில் வந்து நின்றது.

அவள் கீழே பார்த்தாள். ஒரு கால் பெல்ட்டின் மேல் இருந்தது.

காலை எடுத்தாள். குனிந்து பெல்ட்டைத் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.